தாத்தா காலத்து பீரோவில் கடன் சட்டப் புத்தகம் கிடைத்தால்: வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வேலூர், ஆரணி, குடியாத்தம், வாலாஜா பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ வக்கீல் தாத்தாவின் பீரோ ஒன்று வெளியே வரும். உள்ளே தோல் முதுகு போட்ட சட்டப் புத்தகங்கள் வரிசையாக இருக்கும். நகைக்கும் பாத்திரத்துக்கும் சண்டை நடக்கும், புத்தகத்தை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள், சாயங்காலத்துக்குள் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிடும். அப்படிப் போகிற கட்டில் கடன் சட்டத் திருத்தம் பற்றிய புத்தகம் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். 1938இல் வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்துக்கு எழுதிய உரை, அதற்கு முந்தைய திவால் சட்ட நூல், கடன் விசாரணைக் குழு அறிக்கை, இந்த மாதிரி எதுவானாலும் சரி. இந்த ஜில்லாவில் நிலம் எப்படிக் கை மாறியது, எந்தக் கடன் எப்படிக் கரைந்தது என்பதற்கு இவை சாட்சி. அதுவும் ஒரு வக்கீல் பயன்படுத்தித் தேய்த்த பிரதி என்றால், நூலகத்தில் இருக்கும் சுத்தமான பிரதியில் இல்லாத விஷயம் அதில் இருக்கும். அதனால்தான் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள் என்கிறேன், குறிப்பாக முதல் படியை.

முதலில்: துடைக்காதீர்கள், உதறாதீர்கள்

தூசி பார்த்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து உதறத்தான் கை போகும். வேண்டாம். பீரோவில் எந்தத் தட்டில், எந்தப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்துத் திறங்கள். உள்ளே துண்டுக் காகிதங்கள் இருக்கும்: பழைய புரோநோட்டு, தபால் அட்டை, கட்சிக்காரர் கணக்கு, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய ரசீது. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் செருகியிருந்தது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் இருக்கும் சட்டப் பிரிவுக்கும் அந்தத் துண்டில் இருக்கும் கணக்குக்கும் சம்பந்தம் இருக்கும். பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள், பக்க எண்ணை ஒரு தனித்தாளில் எழுதிக் குறிப்போடு ஒரு கவரில் போடுங்கள். குண்டூசி, ஜெம் கிளிப் துருப்பிடித்து இருந்தால் இழுக்காதீர்கள். காகிதத்துக்கும் கம்பிக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் செருகி மெதுவாகக் கம்பியை மட்டும் நிமிர்த்துங்கள்.

கையில் செங்கல் பொடி மாதிரி ஒட்டுகிறதா? அது தூசி இல்லை, தோலே உதிர்கிறது. இதில் நம்ம ஊர்க் கதையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையை நம்பி நடந்தது, சென்னைத் துறைமுகம் வழியாக அந்தத் தோல் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே 1900களின் தொடக்கத்தில் கலைச் சங்கம் போட்ட ஒரு குழு, புத்தகக் கட்டுக்கான தோல்களை ஆராய்ந்து, ஆவாரம் பட்டையில் பதனிட்ட இந்திய ஆட்டுத்தோல் இந்த வேலைக்கு ஆகாது, வெளிச்சத்திலும் புகையிலும் சிவந்து உதிர்ந்துவிடும் என்று எழுதிவிட்டது. செருப்புக்கும் பைக்கும் குறை சொல்ல முடியாத தோல், நூறு வருஷம் அலமாரியில் நிற்க வேண்டிய புத்தகத்துக்குத்தான் சரிப்படவில்லை. ஆக, உங்கள் புத்தகம் சிவப்பாக உதிர்ந்தால் தேங்காய் எண்ணெயோ ஷூ பாலிஷோ தடவி விடாதீர்கள், எண்ணெய் காகிதத்துக்கு இறங்கிவிடும். இப்போதைக்குக் கஞ்சி போடாத காடாத் துணியில் சுற்றி வையுங்கள், அது போதும்.

வயதைக் கண்டுபிடிப்பது

முகப்புப் பக்கத்தில் வருஷம் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது மறு அச்சாக இருக்கலாம். முகப்பே கிழிந்து போயிருந்தால் வேறு தடயம் வேண்டும்.

விலையைப் பாருங்கள். ரூபாய், அணா, பை என்று மூன்று எண்ணாகப் போட்டிருந்தால், உதாரணமாக 3-8-0 என்று, 1957 ஏப்ரலுக்கு முன்னால் அச்சானது. தசம நாணயம் அந்த மாதம் முதல் தேதியில்தான் வந்தது. மாகாணமா ராஜ்யமா என்று பாருங்கள், 1950க்கு முன்னால் மாகாணம், அதற்குப் பிறகு சென்னை ராஜ்யம், 1969இல் இருந்து தமிழ்நாடு. சட்டத்தை "விக்டோரியா 11 & 12, அத்தியாயம் 21" என்று ராணியின் ஆட்சி வருஷத்தால் குறிப்பிட்டிருந்தால் அது லண்டன் பாராளுமன்றச் சட்டம், இந்த எண் 1848ஆம் வருஷத்து இந்தியத் திவால் சட்டம்.

எனக்குப் பிடித்தது ரப்பர் முத்திரை. வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம் 1911 வரைக்கும் சித்தூர். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லாவானபோதுதான் தலைமையகம் வேலூருக்கு வந்தது. முத்திரையில் "வட ஆற்காடு, சித்தூர்" என்று இருந்தால் புத்தகம் 1911க்கு முன்னாலேயே ஒருவர் கையில் இருந்திருக்கிறது. "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்று இருந்தால் அது 1989க்குப் பிறகு எவரோ நூலகத்தில் குத்தியது, அதை வைத்து வயதைக் கணக்குப் போடாதீர்கள்.

தமிழ் வருஷப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ஓரத்தில் "தாது வருஷம்" என்று எழுதியிருந்தால் அது பஞ்சம் வந்த 1876ஆம் வருஷத்துத் தாதுவா, 1936இல் வந்த தாதுவா? அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். மையின் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், பக்கத்தில் அச்சான வழக்கு எந்த வருஷத்தது என்று பார்த்தால் போதும், குறிப்பு அதற்குப் பிந்தியதுதான். "ஆங்கீரஸ" என்றால் 1932-33, "ஈஸ்வர" என்றால் 1937-38. இந்த இரண்டும் ஏன் முக்கியம் என்று கீழே தெரியும்.

இது எந்தச் சட்டம் பற்றிய புத்தகம்

இந்தப் பக்கம் கிடைப்பவற்றை மூன்று காலமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் காலம் கடன் வாங்கியவரைச் சிறையில் போடுவது பற்றியது. இங்கிலாந்தில் கடனுக்காகவே நடந்த சிறைகள் இருந்தன, லண்டனில் மார்ஷல்சியும் ஃப்ளீட்டும் 1842இல் மூடப்பட்டன, 1869இல் வந்த சட்டம் பொதுவாகக் கடனுக்காகச் சிறை வைப்பதை நிறுத்தியது. நம் நாட்டில் சிவில் ஜெயில் இன்னும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் கடன் கொடுத்தவர்தான் உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுச் செலவைக் கட்ட வேண்டும், பெண்களைப் பணம் கட்டச் சொல்லும் கோர்ட் டிகிரிக்காக (தீர்ப்பாணைக்காக) கைது செய்ய முடியாது. 1936 திருத்தத்தில் இருந்து, கட்ட வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால்தான் உள்ளே அனுப்ப முடியும்.

இரண்டாவது, 1879இல் வந்த தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம். 1875இல் பூனா, அகமதுநகர் ஜில்லாக்களில் விவசாயிகள் வட்டிக்காரர்களின் பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தியதில் இருந்து பிறந்தது. பத்திரத்தில் எழுதிய தொகையை அப்படியே நம்பாமல் கணக்கின் தொடக்கத்துக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரத்தை அது கோர்ட்டுக்குக் கொடுத்தது. அது நம் மாகாணத்துச் சட்டம் இல்லை, ஆனால் பிற்பாடு இங்கே வந்ததற்கு அதுதான் முன்னோடி. அந்தப் புத்தகம் வேலூர் வக்கீல் வீட்டில் கிடைத்தால், 1938 சட்டம் வந்தபோது வாதத்துக்காக வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதுதான் நிறைய கிடைக்கும்: 1930களின் சென்னை மாகாணச் சட்டங்கள். 1929க்குப் பிறகு தானிய விலை பாதிக்குப் பக்கமாக விழுந்தது. கடன் தொகையோ ரூபாய்க் கணக்கில் அப்படியே நின்றது, அதாவது நெல்லாகப் பார்த்தால் இரட்டித்துவிட்டது. ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் 1895இல் மாகாணத்தின் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார், 1930 வங்கி விசாரணைக் குழு 150 கோடி என்றது, 1935இல் விவசாயிகளின் கடன் பற்றி அதிகாரி சத்தியநாதன் அரசுக்குக் கொடுத்த அறிக்கை 200 கோடிக்குக் கொண்டுபோனது. 1936இல் கடன் சமரசச் சட்டம் வந்தது, அப்புறம் ராஜாஜி மந்திரிசபையில் 1938ஆம் வருஷத்து 4ஆம் எண் சட்டம், மார்ச் 22 முதல் அமலுக்கு வந்தது.

உள்ளே நுழைவது: 8ஆம் பிரிவை ஒரு கணக்காகப் படியுங்கள்

1938 சட்ட உரையை முதல் பக்கத்தில் இருந்து படிக்க முயன்றால் இருபது பக்கத்தில் தூக்கம் வரும். நேரே 8ஆம் பிரிவுக்குப் போங்கள், புத்தகம் எங்கே அதிகம் அழுக்காகி இருக்கிறதோ அதுவாகத்தான் இருக்கும்.

சட்டம் இரண்டு தேதிகளில் நிற்கிறது. 1932 அக்டோபர் 1க்கு முன்னால் விவசாயி வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை பாக்கி நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி, அசல் மட்டும் கொடுத்தால் போதும். அசலாகவும் வட்டியாகவும் ஏற்கனவே கட்டியதெல்லாம் சேர்ந்து அசலைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டால் கடனே தீர்ந்தது. இரண்டு மடங்குக்குக் குறைவாகக் கட்டியிருந்தால், எவ்வளவு குறைகிறதோ அதுவா, பாக்கி அசலா, இதில் எது சிறியதோ அதைக் கட்டினால் போதும். 500 ரூபாய் வாங்கி வட்டியாகவே 850 ரூபாய் கட்டி முடித்தவர் இன்னும் 150 ரூபாய் கொடுத்தால் வெளியே வந்துவிடலாம்.

இதில் வக்கீல்களுக்கு உண்மையான வேலை எங்கே வந்தது என்றால், நோட்டு மாற்றி எழுதுவதில். புரோநோட்டுக்குக் காலாவதி மூன்று வருஷம், அதனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்த்துப் புது நோட்டு எழுதுவார்கள். 1928 மார்ச்சில் நூற்றுக்கு 12 வட்டிக்கு 500 ரூபாய் வாங்கினார் என்று வையுங்கள். 1931இல் நோட்டு 680 ரூபாய்க்கு ஆகிறது, 1934இல் 924 ரூபாய் 12 அணா, 1937இல் 1257 ரூபாய் 11 அணா. கடைசி நோட்டை மட்டும் கோர்ட்டில் நீட்டினால் அசலே 1257 என்றுதான் தெரியும். சட்டத்தின் விளக்கம் என்ன சொல்கிறது என்றால், நோட்டு எத்தனை முறை மாறினாலும் முதலில் கையில் கொடுத்த பணம்தான் அசல். ஆக 500, மீதி 757 சொச்சம் காற்றில் போயிற்று. அப்படியானால் கடன் வாங்கியவருக்குப் பழைய நோட்டுகள் எல்லாம் வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலியை நிரூபிக்க முடியாது. புத்தகத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கழித்தல் போட்ட துண்டு கிடைத்தால், அதில் ௫௱ என்று தமிழ் எண்ணில் ஐந்நூறு எழுதி அதிலிருந்து கோடு இழுத்து மூன்று தொகைகள் இருந்தால், நீங்கள் பார்ப்பது இந்தச் சங்கிலியைத்தான்.

1932 அக்டோபர் 1க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு இந்தச் சலுகை இல்லை, 9ஆம் பிரிவின்படி நூற்றுக்கு ஐந்து சாதா வட்டி போட்டுக் கணக்கைத் திருப்பிப் பார்ப்பார்கள். சட்டம் வந்த பிறகு வாங்கும் கடனுக்கு நூற்றுக்கு ஆறே கால். இன்றைக்கு மீட்டர் வட்டி, தண்டல் என்று நடக்கிற சங்கதிகளோடு ஒப்பிட்டால் இது எந்த உலகம் என்று தோன்றும். அந்த ஆறே காலைத் தாண்டாமல் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம், நோட்டில் எழுதும் தொகையைக் கூட்டி எழுதிவிட்டால் யார் கேட்பது?

இதற்கு அடுத்து அழுக்கான பக்கம், விவசாயி யார் என்கிற 3ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர் பக்கம் நின்ற வக்கீலுக்கு முக்கிய வழி, எதிராளி வருமான வரியோ தொழில் வரியோ முனிசிபல் வீட்டு வரியோ கட்டுகிறார், அதனால் விவசாயி இல்லை என்று காட்டுவதுதான். அந்த இடத்தில் முனிசிபல் ரசீது குறிப்பு இருந்தால் உங்கள் தாத்தா யார் பக்கம் ஆஜரானார் என்று தெரிந்துபோகும். 4ஆம் பிரிவில் விலக்குகள்: கூலிப் பாக்கி, ஜீவனாம்சம், வேறு பெரிய சொத்து இல்லாத பெண் கொடுத்த சிறு கடன். கடைசியாகச் சொன்னது எனக்கு நல்ல ஏற்பாடாகப் படுகிறது, விதவைகள் தங்களிடம் இருந்த கொஞ்சப் பணத்தை வட்டிக்கு விட்டுத்தான் பிழைத்தார்கள்.

இங்கேயே பதிப்பையும் சரிபார்த்துவிடலாம். நோட்டு விவகாரம் மத்தியப் பட்டியலில் வருகிறது, மாகாணம் சட்டம் போட முடியாது என்று கிளம்பிய முத்துசாமி கவுண்டன் வழக்கு, 1941 சட்ட ரிப்போர்ட்டுகளில் வந்த ஃபெடரல் கோர்ட் (சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்னால் டெல்லியில் இருந்த கோர்ட்) தீர்ப்பு. அது புத்தகத்தில் இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று வருஷத்துப் பதிப்பு. ஒத்தி அடமானத்துக்கான (நிலத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவத்தில் விடும் அடமானம்) 9-ஏ பிரிவு அச்சில் இருந்தால் 1948 பெரிய திருத்தத்துக்குப் பிந்தியது. கைப்பட எழுதி ஒட்டியிருந்தால், பழைய பதிப்பையே வக்கீல் புதுப்பித்து வைத்திருக்கிறார், அது இன்னும் நல்லது.

பக்கம் குறைகிறதா

சீக்கிரம் முடிகிற வேலை. பக்க எண்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், அப்புறம் பின்னிணைப்பு. வட்டி அட்டவணையைத்தான் கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள், குமாஸ்தாக்களுக்கு அது தினமும் தேவைப்பட்டது. பிழை திருத்தச் சீட்டு, கடைசியில் வரும் பதிப்பாளர் விளம்பரம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பூச்சி, வெயில், பெட்டி

தாளில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் நேராகப் போயிருந்தால் புழு, மேல்பரப்பு சுரண்டியிருந்தால் ராமபாணப் பூச்சி. புதுத் தூள் உதிர்ந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துவிடும். வேலூர் வெயிலில் காயப்போட்டால் பூச்சி சாகும் என்று சொல்பவர்கள் உண்டு, சித்திரை வெயிலில் பூச்சிக்கு முன்னால் தாள் செத்துவிடும். ரசக்கற்பூர உருண்டையைப் பக்கங்களுக்குள் போடாதீர்கள். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைப்பது பழைய வழக்கம், புத்தகத்தைத் தொடாத வரைக்கும் கெடுதல் இல்லை.

செல்லோ டேப் கூடவே கூடாது. லாமினேஷன் கடைக்காரர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கூடாது. பழுப்பேறி ஒடிகிற தாளை எதுவும் செய்யாமல் அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்க வைத்தால் போதும், பைண்டிங்கை மாற்றத் துடிக்க வேண்டாம். புது பைண்டிங் போடுபவர் முதலில் ஓரத்தைத்தான் வெட்டுவார், பென்சில் குறிப்பு அங்கேதான் இருக்கிறது.

படம் எடுத்து வைப்பது

இரண்டு தலையணையைச் சாய்த்து அதன்மேல் புத்தகத்தை முக்கால் பாகம் மட்டும் திறந்து வையுங்கள், முழுக்க அழுத்தினால் முதுகு முறியும். ஜன்னல் வெளிச்சம், நேர் வெயில் இல்லாமல். ஓரம் வெட்டுப்படாமல் முழுப் பக்கத்தையும் எடுங்கள்.

இணையத்தில் போடலாமா? ஆசிரியர் இறந்து 60 வருஷம் தாண்டிய உரைநூல் என்றால் தடையில்லை. அரசு அறிக்கைக்கு வெளியான வருஷத்தில் இருந்து 60 வருஷம். இருந்தாலும் துண்டுச் சீட்டுகளைப் பொதுவில் போடாதீர்கள். யார் யாரிடம் கடன்பட்டார், யார் மஞ்சக் கடுதாசி கொடுத்தார் என்று அதில் பெயரோடு இருக்கும், பேரன் பேத்திகள் அதே தெருவில் இருப்பார்கள். பெயரை மறைத்துக் கணக்கை மட்டும் காட்டினால் ஆராய்ச்சிக்கு அதுவே போதும்.

யாரிடம் கொடுப்பது, என்ன விலை

நேராகச் சொல்கிறேன், பழைய சட்டப் புத்தகத்துக்குப் பெரிய விலை கிடைக்காது. வெளிநாட்டுத் தளங்களில் ஆயிரக்கணக்கில் போட்டிருப்பது கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. விலை ஏறுவது மூன்று விஷயத்தால்: முதல் பதிப்பு, பக்கம் குறையாமை, அறியப்பட்ட ஒரு வக்கீலோ நீதிபதியோ வைத்திருந்ததற்கான கையெழுத்து. பேரம் பேசுவதற்கு முன்னால் எழும்பூரில் கன்னிமாரா நூலகத்திலும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இதே பதிப்பு இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். அங்கே இல்லாத பிரதி என்றால் விற்காமல் கொடுக்கப் பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்த மாதிரி அச்சுப் பொருளைப் பாதுகாப்பதற்கென்றே இருக்கிறது. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் தெரிந்த மூத்த வக்கீல் இருந்தால் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள், விலைக்காக இல்லை, ஓரக் குறிப்பில் இருக்கும் சுருக்கெழுத்துகளை அவரால்தான் படிக்க முடியும். எழுதிக்கொண்டு வாருங்கள்.

கொடுக்கும்போது சீட்டுகளையும் புத்தகத்தையும் பிரிக்காதீர்கள், எந்தச் சீட்டு எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ வாங்குபவருக்கோ பார்சல் அனுப்புவதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தில், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 வருஷம்தான் எல்லை, மற்றப் பொருளுக்கு 100 வருஷம். 1938 புத்தகம் இன்னும் நூறு தொடவில்லை, உள்ளே இருக்கும் நோட்டும் கைக்குறிப்பும் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டன. தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்டு, இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே தபால் ஆபீஸ் பக்கம் போங்கள்.